நான் கிழித்த விசுவாசப் பிரமாணம்

1

எங்கள் வாலிபர் ஐக்கியத்துக்கு இது ஐம்பதாவது ஆண்டு. அதையொட்டி நம் ஊர்ச் சபை மாத இதழின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணாச்சி, பம்பாயில தமிழையும் விசுவாசத்தையும் கட்டிக் காத்துக்கிட்டு இருக்கிய. அதப் பத்தி நாலு பக்கம் எழுதித் தாங்க. இங்கயுள்ள பிள்ளைகளுக்கு ஒரு உந்துதலா இருக்கும்."

எழுதுகிறேன். ஆனால் கட்டிக் காக்கிற வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வாலிபர் ஐக்கியத்தின் செயலாளர் சாலமோன், தாராவியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், சென்ற ஆண்டு மகளைக் கட்டிக்கொடுத்து மாமனார் ஆனார். பொருளாளருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. தலைவர் நான். எழுபது தாண்டி வெகுநாளாகிறது. வாலிபர் பாட்டுக்கு எழுந்து நிற்க எங்களில் பாதிப் பேர் முன் பெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மெய்யான வாலிபர்கள் கடைசி பெஞ்சில் கைபேசியைப் பார்த்தபடி, நாங்கள் எப்போது முடிப்போம் என்று காத்திருப்பார்கள். விசுவாசத்தை அவர்களிடமிருந்துதான் காக்கிறோமோ என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும்.

பாளையங்கோட்டையில் படித்துவிட்டு, காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு இங்கே வந்து, அதிகாரியாக ஓய்வு பெற்றவன் நான். செம்பூரில் வீடு. ஞாயிறு காலை தாராவி ஓரத்தில் இருக்கிற எங்கள் தமிழ்ச் சபைக்குப் போவேன். ஆராதனை முடிந்ததும் வாலிபர் வகுப்பு. பாடத்திட்டம் நான் எழுதியது. பல வருஷமாக அதை யாரும் தொடவில்லை. தொட விடவில்லை என்பதே சரி.

இனி வரப்போவது வாழ்த்துக் கட்டுரை அல்ல. அச்சில் போட மனமில்லையென்றால் அந்தப் பக்கங்களில் நகைக்கடை விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள். வருத்தப்பட மாட்டேன்.

2

என் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வேதக் கதை, ஒரு மனப்பாட வசனம், ஒரு வாழ்க்கை உதாரணம். கதையும் வசனமும் வேதத்தில் இருந்து வந்தவை. உதாரணங்கள் எல்லாம் திருநெல்வேலிக்குத் தெற்கிலிருந்து வந்தவை. பொறுமை என்றால் பனையேறி. ஆசீர்வாதம் என்றால் ஊறுகிற கிணறு. நியாயத்தீர்ப்பு என்றால் களத்தில் பதரைத் தூற்றுவது. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஓடிவந்த பிள்ளைகளிடம் ஊறுகிற கிணற்றைப் பற்றி நான் உருகி உருகிப் பேசியிருக்கிறேன்.

ஒருமுறை நல்ல மேய்ப்பன் பாடம். காணாமல்போன ஆட்டை மேய்ப்பன் தேடிப் போய்த் தோளில் சுமந்து வருகிறான் என்று சொல்லி முடித்தேன். கோவண்டியிலிருந்து வருகிற ஒருவன் கையைத் தூக்கினான்.

"சார், தூக்கிட்டு வந்து தேவ்னார் கொண்டுபோவாரா?"

கோவண்டிக்காரனுக்கு ஆடு என்றால் பக்ரீத்துக்கு முன்னால் லாரி லாரியாக வந்து தேவ்னார் அறுப்புக்கூடத்துச் சந்தையில் இறங்குவது. அங்கே ஒருவர் ஆட்டைத் தோளில் தூக்கிப் போகிறார் என்றால் அடுத்து என்ன நடக்கும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் கேலி பண்ணவில்லை, சந்தேகம் கேட்டான். உண்மையில் அந்த வருஷம் முழுக்க என் வகுப்பில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். நான் அவனை வெளியே போகச் சொன்னேன். போனவன் திரும்பி வரவேயில்லை.

வேதத்தைக் கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு ஊரைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதுவும் எந்த ஊரை? வேலை உத்தரவு கையில் கிடைத்த மறுநாளே ரயிலேறி, திரும்பியும் பார்க்காமல் நான் விட்டுவிட்டு வந்த ஊரை.

3

சென்ற ஆண்டு எங்களுக்குப் புது ஆயர் வந்தார். கிறிஸ்டோபர் என்று பெயர், என் மகனைவிட வயதில் சிறியவர். வந்த சில வாரங்களில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், பாடத்திட்டத்த ஒருதடவ மறுபடி யோசிக்கலாமா? வகுப்புல வாலிபரைவிட பெஞ்சு அதிகமா இருக்கு."

யோசிக்கத்தானே, யோசித்துவிடலாம் என்று ஒரு கமிட்டி போட்டோம். ஆயரோடு நான், சாலமோன், பொருளாளர். வாலிபர்களைக் கூப்பிடவில்லை. அவர்கள் வந்தால் பேச்சு வளரும் என்றார் பொருளாளர்.

சமோசா வந்தது. முதல் விவாதம், எந்த வயது வரைக்கும் ஒருவர் வாலிபர்.

"முப்பத்தஞ்சுன்னு வைக்கலாமா?" என்றார் ஆயர்.

சாலமோன் சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டார். "அப்ப நான் எங்க போறது ஐயா? முதியோர் ஐக்கியத்துக்கா? அங்க போனா நாந்தான் சின்னப் பையன். ஜமுக்காளம் விரி, டீ வாங்கிட்டு வான்னு என்னைய விரட்டுவாவ."

வயது வரம்பு ஒத்திவைக்கப்பட்டது. அதன்பிறகு ஆயர் ஜெனிபரின் பேச்சை எடுத்தார்.

ஜெனிபருக்கு இருபது வயது இருக்கும். சயானில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வரவேற்பு மேசையில் வேலை. வீடு தாராவியில். அப்பா தோல் பை தைக்கிறவர், அம்மா தங்கபுஷ்பம் முறுக்குப் பட்டறையில் சுடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் ஆராதனையில் இருக்கும்போது, ஜெனிபர் சின்னப் பிள்ளைகளை மாடிப்படியில் உட்காரவைத்துக் கதை சொல்லுவாள். பாதி இந்தி, பாதி தமிழ், மீதி கையும் முகமும். கோலியாத்து பேசினால் வில்லன் குரல். நோவாவின் பேழைக்குள் ஏறுவது விரார் லோக்கல் ரயிலில் ஏறுவதுபோல இடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கும். சபைப் பிள்ளைகளோடு பக்கத்துச் சந்துப் பிள்ளைகளும் வந்தார்கள். படிக்கட்டு நிரம்பி வழிந்தது. கூரையும் மின்விசிறியும் உள்ள என் வகுப்பில் காற்று மட்டும் தாராளமாக இருந்தது.

"அவங்களையே சின்னப் பிள்ளைங்க வகுப்புக்கு ஆசிரியரா போடலாம். அந்த முறைய வச்சே வாலிபர் பாடத்தையும் யோசிக்கலாம்," என்றார் ஆயர்.

நான் அலுவலகத்தில் இருந்தவன். ஒரு யோசனையை எதிர்க்காமலே கொல்வது எப்படி என்று தெரியும். "நல்ல யோசனை. ஆனா விதி ஒண்ணு இருக்கே. திடப்படுத்தல் பெற்றவங்கதான் ஆசிரியராகலாம். அந்தப் பிள்ளை இன்னும் பெறல," என்றேன். பேராயர் கையால் திடப்படுத்தல் பெற்று நற்கருணைக்கு உரியவரானவர்தான் கற்றுக்கொடுக்கலாம் என்ற விதி இருந்தது மெய். யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை என்பதும் மெய். தூசி தட்டி எடுத்தவன் நான். கூடவே ஒன்று சேர்த்தேன்: திடப்படுத்தல் தேர்வில், ஞாயிறுதோறும் சபை சேர்ந்து சொல்கிற விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில், பார்க்காமல், முழுக்கச் சொல்ல வேண்டும்.

மறுயோசனை முடிந்தது. பாடத்திட்டத்தில் ஒரு வரி மாறவில்லை. சமோசா நன்றாக இருந்தது.

4

ஜெனிபர் கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ நான் நடத்துகிற திடப்படுத்தல் வகுப்பில் பெயர் கொடுத்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் சொன்ன கிணற்றையும் பனையையும் கொட்டாவி விடாமல் கேட்டாள். கொட்டாவி விட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

தேர்வு நாளில் ஒவ்வொருவராக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஜெனிபர் விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினாள். நன்றாகவே சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் நின்றது. கண் கீழே போனது. உள்ளங்கையில் ஒரு காகிதம்.

"கொடு அதை."

கொடுத்தாள். முழுக்க இந்தி எழுத்து. எனக்கு இந்தி எழுத்து ரயில் நிலையப் பலகை வாசிக்கிற அளவுக்கு வரும். கூட்டி வாசித்திருந்தால் அதில் இருந்தது தமிழ் என்று தெரிந்திருக்கும். நான் வாசிக்கவில்லை. அந்த எழுத்தைக் கண்டதே போதுமானதாக இருந்தது.

"விசுவாசப் பிரமாணத்துக்கே பிட்டா? நாளைக்கு நற்கருணை மேசைக்கும் பிட்டு கொண்டுவருவியா?"

வகுப்பு சிரித்தது. என் வகுப்பில் நான் சொன்ன ஒன்றுக்கு அவர்கள் சிரித்து வருஷக்கணக்காகிறது. அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் போதை ஏறியது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

"பிட் இல்ல சார். நான் வீட்ல எழுதி..."

"எழுதினது தெரியுது." கிழித்தேன். ஒருமுறை கிழித்தால் போதும். இரண்டாவது தடவையும் கிழித்தேன். "அடுத்த ஆள்," என்றேன்.

அவள் குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

பேராயர் வந்தார். மற்றவர்கள் வெள்ளை உடுத்து முழந்தாளிட்டுத் திடப்படுத்தல் பெற்றார்கள். அடுத்த ஞாயிறு ஜெனிபர் மாடிப்படியில் பிள்ளைகளைக் கூப்பிட்டபோது அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. "காப்பி டீச்சர்! டீச்சர்னே காப்பி மாரா!" டீச்சரே காப்பி அடித்தாளாம் என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அவள் ஒரு கதையைத் தொடங்கினாள். பிள்ளைகள் உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து அவளைப்போல நடித்துக் காட்டினார்கள். அதற்கடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. படிக்கட்டு காலியாகக் கிடந்தது. எனக்கு, எழுதவே கூசுகிறது, நிம்மதியாக இருந்தது.

ஊரில் என் திடப்படுத்தல் தேர்வை எடுத்தவர் ஒரு உபதேசியார். பத்துக் கட்டளைகளைச் சொல்லும்போது நடுவில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, மழை வருமா என்று பார்ப்பதுபோல நின்று, அடுத்த வார்த்தையைத் தனக்குள் முனகினார். எனக்குக் கேட்கிற அளவுக்கு முனகினார். இந்த உதாரணத்தை என் பாடத்திட்டத்தில் எந்தப் பாடத்திலும் நான் சேர்த்ததில்லை.

5

சில நாள் கழித்து ஒரு பகல்பொழுதில் தங்கபுஷ்பம் செம்பூரில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எண்ணெய்ச் சீலை சார், உங்க சோபா பாழாயிரும். சண்டைக்கு வரல, பயப்படாதிய. இந்த முறுக்க குடுத்துட்டுப் போவம்னு வந்தேன். பிள்ளைக்கு திடப்படுத்தல் நடந்தா சாருக்கு குடுக்கணும்னு மாவு எடுத்து வச்சது. நடக்கல. அதுக்கு முறுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

என் பல்லுக்கு முறுக்கு ஆகாது. வாங்கிக்கொண்டேன்.

"ஜெனிபர் பிட்டு வச்சிருந்தா, அதனாலதான்..." என்றேன்.

"பிட்டா? நான் சுட்டுக்கிட்டே சொல்லுவேன், அவ பக்கத்துல உக்காந்து எழுதுவா. எங்கம்மா வாய்ல இருந்து எனக்கு வந்தது. எனக்கு எந்த எழுத்தும் தெரியாது, அவளுக்கு இந்தி எழுத்துதான் தெரியும். பள்ளிக்கூடத்துல அதத்தான சொல்லித் தந்தாவ. நீங்க எங்க பிள்ளைக்கு தமிழ் எழுத்து சொல்லித் தந்தியளா சார்? எத்தன வருசமா வகுப்பு எடுக்கிய!"

பொட்டலத்தை மேசையில் வைத்தேன். அவர் கண் சுவருக்குப் போனது. அங்கே என் பேரன் ஆரோனின் படம். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, கையில் மெழுகுவத்தி.

"பேரப்பிள்ளையா சார்? திடப்படுத்தல் படந்தான? எந்தச் சபை?"

"வாஷியில. இங்கிலீஷ் சபை. மகன் அங்கதான் இருக்கான்."

"விசுவாசப் பிரமாணம் தமிழ்ல சொன்னானா?"

சொல்லவில்லை. அச்சடித்த தாளைக் கையில் கொடுத்திருந்தார்கள், அதைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசித்தான். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைபேசியில் படமெடுத்தேன். முடிந்ததும் கட்டிப்பிடித்துக் கண்கலங்கினேன். பிறகு ஓட்டலில் எல்லாருக்கும் பிரியாணி. இதை அவரிடம் முழுக்கச் சொல்லவில்லை. "தாள் பாத்து வாசிச்சான்," என்று மட்டும் சொன்னேன்.

தங்கபுஷ்பம் படத்தை இன்னொருமுறை பார்த்தார்.

"நல்ல லெச்சணமா இருக்கான்," என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். "அந்தப் பக்கம்லாம் பிட்டு செல்லும்போல சார்."

6

ஆயரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எழுதிக் கேப்போம் சார்," என்றார்.

எழுதிக் கேட்டோம். மேலிட அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: தனியாக ஒருவருக்குத் திடப்படுத்தல் வேண்டுமானால் கமிட்டித் தீர்மானம் வேண்டும். தீர்மானம் போட்டு அனுப்பினோம். முத்திரை இல்லை என்று திரும்பி வந்தது. வாலிபர் ஐக்கியத்தின் முத்திரை சாலமோனின் கடையில் எங்கோ ஒரு குக்கருக்குள் இருந்தது. எந்தக் குக்கர் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம். முத்திரையோடு அனுப்பினோம். பேராயரின் அடுத்த வருகை பின்னர் அறிவிக்கப்படும் என்று பதில் வந்தது. ஒருத்தியைத் தள்ளி வைக்க எனக்கு ஒரு காகிதத்தைக் கிழிப்பதுதான் வேலையாக இருந்தது. சேர்த்துக்கொள்ள எத்தனை காகிதம் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

பிறகு சயானுக்குப் போனேன், ஜெனிபர் வேலை பார்க்கிற பரிசோதனை நிலையத்துக்கு. டோக்கன் எடுத்து, நோயாளிகளோடு உட்கார்ந்து, என் எண் வந்ததும் மேசைக்குப் போனேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நோயாளியின் பெயரைக் கேட்டாள்: "பேஷண்ட் கா நாம்?"

"நான்தாம்மா."

நிமிர்ந்து பார்த்தாள். முகம் மாறவில்லை. "சுகர் டெஸ்டா சார்? ஃபாஸ்டிங்ல வந்திருக்கீங்களா?"

"மன்னிப்புக் கேட்க வந்தேன்."

"அதுக்கு ஃபாஸ்டிங் வேணாம்," என்றாள்.

பின்னால் வரிசையில் நின்றவர் முணுமுணுத்தார். நான் தாழ்ந்த குரலில் எல்லாம் சொன்னேன். காகிதத்தை வாசிக்காமல் கிழித்தது, பேரன் தாளைப் பார்த்து வாசித்தது, விதியைத் தூசி தட்டியது. அவள் கேட்டுக்கொண்டே இன்னொருவருக்கு ரசீது கிழித்துக் கொடுத்தாள்.

"என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? நான் பிட் அடிக்கலன்னு எனக்குத் தெரியும். பசங்களுக்குத்தான் தெரியாது. சந்துல போனாக்கூட காப்பி டீச்சர், காப்பி டீச்சர்ங்கிறாங்க. நான் உண்மையச் சொல்லுன்னு கத சொன்னா எவன் கேப்பான்? அவங்ககிட்ட வந்து சொல்லுங்க. அப்புறம் வரேன்."

"வர்ற ஞாயிறே சொல்றேன்."

"இந்தியில சொல்லணும். பாதிப் பசங்களுக்கு தமிழே வராது."

"என் இந்தி அவ்வளவு..."

"அம்பது வருஷமா இங்க இருக்கீங்க சார்," என்றாள். "நெக்ஸ்ட்!"

வெளியே வந்து நின்று யோசித்தேன். மாட்டுங்காவில் காய்கறி வாங்க என்னிடம் இந்தி இருக்கிறது. ஆட்டோக்காரரோடு சண்டை போட இருக்கிறது. கொத்தனாரை விரட்ட இருக்கிறது. ஐம்பது வருஷத்தில் இந்த ஊரில் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்க அது எனக்குத் தேவைப்பட்டதில்லை. ஜெபம் தமிழில், அலுவல் ஆங்கிலத்தில், அதட்டல் இந்தியில் என்று பிரித்து வைத்துக்கொண்டு கௌரவமாகவே வாழ்ந்திருக்கிறேன்.

ஆயர் தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். திடப்படுத்தல் வரும்வரை சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு ஏட்டில் ஆசிரியர் நான். நடத்துவது ஜெனிபர், அவள் வந்தால். என் பாடத்திட்டத்தை எடுத்து அலமாரியில் வைத்தாயிற்று. வாலிபர்களுக்குப் புதுத் திட்டத்தில் முதல் மாதம் பாடமே இல்லை. அவர்கள் கேள்வி கேட்பார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாலமோன் கவலையோடு கேட்டார்: "பதில் சொல்லாம சும்மா உக்காந்திருக்க நமக்கு வருமா அண்ணாச்சி?" நியாயமான கவலை.

7

சனிக்கிழமை வாஷிக்குத் தொலைபேசியில் அழைத்து, இந்தியில் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று ஆரோனிடம் கேட்டேன். அவன் தமிழ் புரிந்துகொள்வான், பதில் மற்ற மொழிகளில் வரும்.

"தாத்தா, கிஸ்கோ சாரி போல்னா ஹை?" யாரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தான். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நான் எழுதிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த எழுத்தில்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் வெளியே வந்தேன். மாடிப்படியில் பிள்ளைகளை ஆயர் சேர்த்து உட்காரவைத்திருந்தார். வாலிபர் சிலரும் சுவரோரம் வந்து நின்றார்கள், எங்கள் தலைவர் என்ன சொல்லப்போகிறார் என்று அல்ல, என்ன தப்பாகச் சொல்லப்போகிறார் என்று பார்க்க. ஜெனிபர் கீழே, கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். வரமாட்டாளோ என்று பயந்திருந்தேன்.

கண்ணாடியை மாட்டினேன். பையிலிருந்து காகிதத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

"டீச்சர்னே காப்பி நஹீ கியா," என்று தொடங்கினேன். டீச்சர் காப்பி அடிக்கவில்லை. "மைனே உஸ்கா காகஜ் பினா படே ஃபாட் தியா." நான்தான் அவள் காகிதத்தை வாசிக்காமல் கிழித்துப் போட்டேன். "கல்தி மேரீ தீ." தப்பு என்னுடையது.

முன்படியில் இருந்த ஒரு சிறுமி எட்டி என் கையைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"டீச்சர்! தேகோ! தாத்தா பீ காப்பி கர் ரஹா ஹை!"

தாத்தாவும் காப்பி அடிக்கிறாராம். படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. சுவரோரம் நின்றவர்களும் சிரித்தார்கள். அன்று என் வகுப்பில் கேட்ட அதே சிரிப்புதான். மறுபக்கத்தில் நின்று கேட்டால் அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். காகிதத்தைச் சட்டைப்பைக்குள் தள்ளப் போனேன்.

ஜெனிபர் கிட்டே வந்து கையை நீட்டினாள். "கொடுங்க சார்."

கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்திதான், ஆனால் தமிழ் எழுத்து. அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கிழிப்பாள் என்றுதான் நானும் நினைத்தேன். கிழித்தால் நியாயம்.

விரலை வைத்து வரிகளை மேலிருந்து கீழே எண்ணினாள். திருப்பிக் கொடுத்தாள்.

"கடைசியில ஒரு வரி மிச்சம் இருக்கு சார். அதையும் படிங்க."

மிச்சம் வைத்தது அந்த ஒரு வரியைத்தான். காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து படித்தேன்.

"முஜே மாஃப் கர் தோ." என்னை மன்னித்துவிடு.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஜெனிபரைப் பார்த்தார்கள். அவள் நான் போய் உட்கார வேண்டிய இடத்தை, கீழ்ப்படியில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளியை, கண்ணால் காட்டினாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, என் குரலிலேயே, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் சொல்கிற அதே கடுகடுப்போடு சொன்னாள்:

"அடுத்த ஆள்."